நாற்பது கோப்பை

எல்ல சந்தியில் கடை. என் மேசை சன்னலோரம்.
பழைய சிங்களப் பத்திரிகைகளில் சுற்றி
வெள்ளைக் கோப்பைகள் வரும், நாளைக்கு நாற்பது.
ஒவ்வொன்றிலும் ஒரு மலை, ஒரு பாலம்,
கூடையோடு ஒருத்தி.
அவளுக்கு முகம் வேண்டாம் என்கிறார் குலதுங்க மாத்தயா.
முகம் போட்டால் மூன்று நிமிடம் கூடுகிறதாம்.

கார்த்திகை மழையில்
லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்து
கக்கூசை மூடியபோது,
மண்வெட்டியை விட்டுப் பிரியாத மஞ்சள் களியை
ஒரு வாளி எடுத்து வைத்தேன்.
ஐந்து இடிந்தன. ஆறாவது நின்றது.
தகர பீப்பாய்க்குள், டர்பன்டைன் விறகில்
இரவு முழுக்கச் சுட்டேன்.
"இது கோப்பையா, காதா?" என்றாள் ரெஜினா.

தேத்தண்ணி ஊற்றினால்
சொல்லாமல் கொள்ளாமல் வியர்க்கிறது,
பலகையில் ஈர வட்டம்.
ஆனாலும் உதடு படும் இடத்தை
நான்தான் தீர்மானித்தேன்.

போன வெள்ளிக்கிழமை, பெட்டியில் ஒன்று
கைபிடிக்குக் கீழே பள்ளத்தோடு வந்தது.
பளபளப்புக்கு அடியில் ஒரு பெருவிரல்,
ரேகைகூடத் தெரிகிறது.
யாரோ ஈரத்தில் அவசரமாகத் தூக்கியிருக்கிறார்கள்.
அங்கேயும் ஒரு நாற்பது இருந்திருக்கும்,
நானூறாகவும் இருக்கலாம்.
கழிவு என்று ஒதுக்கினார் மாத்தயா.
சம்பளத்தில் நூற்றைம்பது வெட்டச் சொல்லி
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மலை வரையவில்லை. பாலமும் இல்லை.
கூடைக்காரிக்கு மட்டும் முகம் போட்டேன்,
நிதானமாக, மூக்குத்தி உட்பட.

இப்போது அதில்தான் குடிக்கிறேன்.
நான் செய்ததில் உப்பு இருக்கிறது.
மழை நாளில்
அதுவும் வியர்க்கிறது.