கவசம் எட்டாத தோள்

நம: என்பதன் கடைசி மூச்சுக்கு
நோட்டில் ஓர் 'ஆஷ்' போட்டு
அடிக்கோடும் இட்டிருக்கிறேன்,
பிரெஞ்சுப் பழக்கத்தில் விழுங்கிவிடுவேன் என்று.

சேன்-ஆந்த்ரேயில் விடியுமுன்னே
கரும்பு லாரிகளால் ஜன்னல் அதிரும்.
கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல்வரை,
பிறகு ஹ்ருதயாய நம:

ஜூலையில் ஒரு செவ்வாய்
நெஞ்சுக்குப் போன கை
நெஞ்சுக்கு முன்பே எதையோ தொட்டது.
புளியங்கொட்டை அளவு.
அன்று தலையைத் தொடவில்லை.
நோட்டை மூடி, திறந்து,
மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.
கை அங்கேதான் போயிற்று.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மதாம் சினிமாலே?
சேன்-தெனி டாக்டரம்மாவிடம்
குளிக்கும்போது என்றேன்.
மாதம் ஒருமுறை விரல்நுனியால்
வட்டமிட்டுப் பாருங்கள் என்றாள்.
தினமும் தொடுகிறேனே என்பதை
எந்த மொழியில் சொல்வது?

இது நவம்பர்.
பஞ்சு வைத்த உள்ளாடையைக் கழற்றிவிட்டு உட்காருகிறேன்.
தையலின்மேல் கை.
இவ்வளவு சத்தமாகவா அடித்துக்கொண்டிருந்தது இது,
இத்தனை வருஷமும்?

கவசாய ஹும்.
வலது கை இடத் தோளைப் பிடித்துவிட்டது.
இடது கை பாதி வழியில் நிற்கிறது.
பிசியோ பையன் ழெரோம்
சுவரில் விரல்களைச் சிலந்திபோல் ஏற்றச் சொன்னான்.
எட்டிய இடத்தில் பென்சில் கோடு, தேதி.
அலமாரிக்குப் பக்கத்தில் பதினொரு கோடுகள்,
இரண்டு கீழே இறங்கியவை.

கண்ணுக்கு மூன்று விரல்.
அஸ்த்ராய பட்.
கைத்தட்டு சரியாக விழவில்லை.
பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டிருக்கிறது,
குரைக்கிறது.