ஒன்பது புள்ளி எட்டு

மே மாதம். மூன்று நாள் மழை.
சோளம் இன்னும் விரல் உயரம்கூட வரவில்லை.
இரவுப் பணியில்
ரக்கூன் ஆற்றைக் குடுவையில் பிடித்து
விளக்குக்கு நேரே உயர்த்துகிறேன். தெளிவு.
நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை,
நாக்குக்கும் பிடிபடாது.
கருவிதான் சொல்கிறது: ஒன்பது புள்ளி எட்டு.
பத்து வரை சட்டம் பொறுக்கும்.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

சுத்திகரிப்புத் தொட்டிகளை ஓட்டச் சொல்கிறேன்.
“ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு தெரியுமா?”
டெல்பர்ட் ஒவ்வொரு முறையும் கேட்பான்,
கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவான்.
டெமாயின் நகரம் குழாய்களை மூடித் தூங்குகிறது.

இன்று பகலில் ஆற்றின் மேல்பக்கம் போயிருந்தேன்.
ஹாஃப்ஸ்டெட்டர் வயலுக்கு அடியில் புதைத்த வடிகுழாய்
ஓடைக்கரையில் வந்து வாய் திறக்கிறது.
பெய்த மழையும் போட்ட உரமும்
நிமிடத்துக்கு ஒரு வாளி.
குனிந்து மாதிரி எடுக்கையில்
அவர் ட்ரக் வந்து நின்றது.
நகரத்துக்காரி என்று திட்டுவார், தயாராக நின்றேன்.

திட்டவில்லை.
இருக்கைக்கு அடியிலிருந்து ஓர் ஊறுகாய்ப் புட்டி,
விளிம்புவரை தண்ணீர்.
“எங்கள் கிணறு. பார்த்துச் சொல்ல முடியுமா?
மருமகளுக்குக் கைக்குழந்தை, பதினெட்டு நாள்.
கொதிக்கவைத்துத்தான் பால்மாவு கரைக்கிறாள்.”

கொதித்தால் நீர்தான் ஆவியாகும்.
குழம்பு வற்ற வற்ற உப்பு ஏறுமே,
அப்படி இது மிச்சத்தில் அடர்ந்து உட்காரும்.
ட்ரக் கதவைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் வாய் வரவில்லை.
பிறகு சொன்னேன்.
அவர் வயலைப் பார்க்கவில்லை, என்னையும்.
போனை எடுத்தார்.
“கெல்சி, அடுப்பை அணை.
கடைத் தண்ணீர் வாங்கி வருகிறேன். அப்புறம் பேசலாம்.”

இப்போது மணி இரண்டு.
புட்டிக்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.
கையுறை அட்டையைக் கிழித்து எழுதுகிறேன்: இருபத்து மூன்று.

முதல் மணியிலேயே எடுத்தார்.
எண்ணைக் கேட்டு வெகுநேரம் மூச்சு மட்டும்.
“உங்கள் ஊருக்கு எவ்வளவு?”
சொன்னேன். தொட்டிகள் ஓடுவதையும் சொன்னேன்.
“எங்களிடம் தொட்டி இல்லை.”
மறுபடி மூச்சு.
“அறுவடைக்குப் பிறகு தரையை மூட
ரை விதைக்கச் சொல்லிப் போன வருஷம் ஒருத்தன் வந்தான்.
நாயை அவிழ்த்துவிட்டேன்.
அவன் நம்பர் இருக்குமா?”

தேடித் தருகிறேன் என்றேன்.
கூரையில் மழை மறுபடி.
கருவியில் ஒன்பது புள்ளி ஒன்பது.