பதினேழு

குறுவை நெல் போட்ட பணம்
குறுஞ்செய்தியாய் வந்து இறங்கியது.
மகன் திருப்பூரில். நானே எழுத்துக் கூட்டினேன்.
ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்துச் சொச்சம்.
கோரையாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
படுதா பறந்துவிடாமல் அதன்மேலேயே
படுத்துக்கிடந்த பதினோரு ராத்திரி
ஒரே வரியில் அடங்கிவிட்டது.

மறுநாள் காலை, தூறல் தொடங்கும்போது போன்.
"நா. பவளக்கொடி மேடந்தானே?"
தலைப்பெழுத்தோடு என்னைக் கூப்பிடுவது
ரேஷன் கடைக்கு அடுத்து இவன்தான்.
"பேங்க்லேர்ந்து பேசறோம்.
நெல்லு பணம் வந்துருக்குல்ல, அந்தக் கணக்கு
இன்னிக்கு மத்தியானத்தோட முடங்கிடும்.
இப்ப ஆறு நம்பர் வரும்.
அத மட்டும் சொல்லுங்க, போதும்."

வந்தது ஆறு நம்பர்.
கண்ணாடி போடாமலே தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
நான் ஏற்கெனவே ஏமாந்தவள்.
போன வருஷம் நடவு சமயம்
சேற்றுக் கையோடு எதையோ அழுத்திவிட்டேன்.
நாலு மாசம், தினம் மூன்று ரூபாய்
ஒரு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
என்னைக் கூப்பிடுகிறவர்களுக்குக் கேட்கிற பாட்டு.
எனக்கு மட்டும் கேட்காத பாட்டு.
நாத்தனார்தான் கேட்டாள்:
"அண்ணன் போயி தலைத்திவசங்கூட வரல,
குத்துப்பாட்டு வச்சிருக்கீங்களே அண்ணி?"

நீடாமங்கலம் ரீசார்ஜ் கடையில் நிறுத்தச் சொன்னேன்.
முன்னூற்று அறுபது போனது போனதுதான் என்றான் பையன்.
அவன் போனிலிருந்து எனக்கே போடச் சொல்லி
முழுப் பாட்டையும் ஒருதரம் கேட்டேன்.
அப்புறந்தான் நிறுத்தவிட்டேன்.
காசு கொடுத்தது அல்லவா.

ஆகவே
ஆறு நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு
வாயைத் திறக்காமல் இருந்தேன்.
அவன் பேசினான். பேசினான்.
மேடம் அம்மாவாகி, அம்மா அக்காவாகி.
அக்கா என்றதும் எனக்குச் சுருக்கென்றது.
எங்கள் பேங்க்கில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.
கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என் பெயர்
'தள்ளி நில்லும்மா.'

விளையாட்டாகத்தான் கேட்டேன்:
"நெல்லு பணம்ங்கிறியே தம்பி,
ஈரம் எவ்வளவு இருந்தா எடுப்பாங்க?"

"பதினேழுக்கா."

பேரைக் கேட்டால் சொல்வதுபோல் சொன்னான்.
என் பேரும் என் நம்பரும்
எவனோ விற்ற பட்டியலில் இருந்திருக்கும்.
பதினேழு இருந்திருக்காது.
ஒரு பிடி நெல்லைக் கருவிக்குள் போட்டுவிட்டு
அது எண் காட்டும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால்தான்
நாக்கு நுனியில் நிற்கும் அது.

இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.
தகரத்தில் மழை வலுத்தது.

"அங்க மழையாக்கா?"

எந்தூருடா நீ என்று கேட்க வாயெடுத்தேன்.
அவனுக்குப் பின்னால் யாரோ அதட்டினார்கள்.
தமிழ் இல்லை, இந்தியும் இல்லை.
"ஆறு நம்பர் மேடம், சீக்கிரம் சொல்லுங்க" என்றான்,
அவர்களுக்குக் கேட்கிற மாதிரி.
"சொல்லமாட்டேன் தம்பி."
"சரிக்கா."
வைத்துவிட்டான்.

பணம் தப்பியது.
பாதி, சம்பா உரத்துக்குப் போய்விட்டது.
தெரியாத எண் எதையும் இப்போது நான் எடுப்பதில்லை.
மகன் சொல்லி 1930-க்குப் போட்டேன்.
பேங்க்குக்கும் நடந்துபோய்
தள்ளி நின்று, முறை வந்து, சொன்னேன்.
என்ன கேட்டான் என்றார்கள்.
ஆறு நம்பர் என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.
வேறெதாவது கேட்டானா?
இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.
வெளியே வந்தால்
படுதாவே இல்லாமல் ஒரு லாரி நெல்
நனைந்துகொண்டு போகிறது.