சிவப்பு நூல் கட்டிய அரிவாள்மனை

கடலூர் துறைமுகத்தில்
மீன் வெட்டக் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூலி.
வயிற்றைக் கிழித்ததும்
மஞ்சளாய் இரட்டைச் சினை சரிந்தால்
"அதிர்ஷ்டக்காரர்தான் போங்க" என்பேன்.
சிரிப்பார்கள். மீதிச் சில்லறை கேட்க மறப்பார்கள்.

சிகாமணி சார் மட்டும்
ஓரடி பின்னால் போய் நின்றார்.
"கத்தியைக் கழுவிட்டு வெட்டும்மா,
பலகையையும்."

சுருக்கென்றது.
சாதி பார்க்கிறாரோ?
இருபத்தியொரு வருஷமாய் இங்கே உட்கார்ந்தவளுக்கு
முதலில் வருவது அந்த யோசனைதான்.

அப்புறம் சொன்னார்.
மைத்துனன் கல்யாணத்து மறுவீட்டு விருந்து.
சினை வறுவல், ஒரே ஒரு துண்டு.
உதடு பன்னாய் உப்பி
தொண்டை சாத்திக்கொண்டு
நூற்றெட்டு வண்டியில் போனாராம்,
பட்டுவேட்டியோடு.

அன்றிலிருந்து மூன்று வருஷம்
குழம்பு வாசம் வந்தால் ஜன்னலை அடைத்திருக்கிறார்.
வீடு உப்பலவாடியில்.
எத்தனை ஜன்னலைத்தான் அடைப்பது?

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில்
முன்னங்கையில் ஊசியால் கீறிப் பார்த்தார்கள்.
சினைக்குத் தடித்தது, சதைக்குத் தடிக்கவில்லை.
பிறகு டாக்டர் கண்ணெதிரிலேயே
நகத்தளவு வெந்த மடவை.
காத்திருந்து இன்னும் கொஞ்சம்.
மறுபடி காத்திருந்து ஒரு முழுத் துண்டு.
"ஒண்ணும் ஆகலைம்மா!
அதுல இருக்கற புரதம் வேற, இதுல வேறயாம்.
எல்லாருக்கும் இப்படி அமையாதாம்."
பெயிலாவோம் என்று பயந்து
பாஸான பையன் குரல்.

எனக்கு விளங்கவில்லை.
ஒரே மீன்,
நடுவில் வெங்காயத்தோல் மாதிரி ஒரு சவ்வு.

ஆனாலும் அவருக்கென்று இன்னொரு அரிவாள்மனை வைத்தேன்.
கட்டையில் சிவப்பு நூல், தனி வாளி.
பக்கத்தில் வெட்டும் அஞ்சலாட்சி அதற்குக்
கலெக்டர் என்று பேர் வைத்தாள்.

ஐப்பசியில்
கூடை மடவையெல்லாம் நிறைசூல்.
பையை விரித்துக்கொண்டு சார் நிற்கிறார்.
கிழிக்காமல், வயிற்றை மட்டும் அமுக்கிப் பார்த்தேன்.
சினை. சினை. இதுவும் சினை.
ஏழாவது, பாலாய்க் கசிந்தது.
"ஆண் மீன் சார்! இதுல முட்டை கிடையாது, பால்சினைதான்."
"அது சாப்பிடலாமா?"

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
இத்தனை வயிறு கிழித்த கைக்கும்
அது தெரியவில்லை.
"டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, அடுத்த வாட்டி பார்க்கலாம்"
என்று காக்கைக்கு எறிந்தேன்.

மூன்று தண்ணீரில் அலசிக் கொடுத்தேன்.
தலை வேண்டாம் என்றார்,
நாலடி போய்த் திரும்பி வந்து
வேண்டும் என்றார்.

கூலி நாற்பது வாங்கினேன்.
முப்பது வெட்டுக்கு,
பத்து நூலுக்கு.