முதல் கோடு

பகாவ் டவுனில், டயர் கடைக்கு மேலே
எங்கள் வடிவமைப்பு அலுவலகம்.
சன்னலைத் திறந்தால் செம்பனை ஆலையின் புகை
அழைக்காமலே கூட்டத்தில் வந்து உட்காரும்.
ஐந்து நாற்காலிகள். ஒன்றுக்கு மட்டும் கைப்பிடி.
அதில் நான்.

காலை எட்டரைக்குக் கூடுவோம்.
அதற்கு யுகேந்திரன் வைத்த பெயர் பிரட்டு.
பேர் கூப்பிட்டு, தலை எண்ணி,
இன்றைக்கு யாருக்கு எந்த நெரை என்று
நான் பிரித்துக் கொடுப்பதால்.
என் காதுக்கு வந்த அன்று சிரித்தேன்.
அந்தச் சிரிப்பு வீடுவரை வரவில்லை.
என் அப்பா மண்டோர்.

உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களுக்கு
குனியாமல் பொறுக்க ஒரு கருவி.
அதுதான் எடுத்த வேலை.
வெள்ளைப் பலகையில் முதல் கோடு
எப்போதும் என்னுடையது.
சிவப்புப் பேனா என் சட்டைப் பையில்.
என் கோட்டுக்குள் அவர்கள் நிறம் தீட்டுவார்கள்.
"நல்லா இருக்குக்கா" என்பார்கள்.
ஏழு மாதிரிகள் செய்தோம்.
ஏழும் நல்லா இருந்தன.
ஏழும் ஸ்டோரில்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமை
ரொம்பின் சாலையில் பழ லோரி கவிழ்ந்தது.
வழியெல்லாம் குலைகள். போனில் லைன் இல்லை.
ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் படியேறும்போது
மேலே சிரிப்புச் சத்தம்.
நான் உள்ளே இருக்கையில்
ஒருநாளும் கேட்காத சத்தம்.

பலகையில் நீலக் கோடு, கறுப்புக் கோடு,
உள்ளங்கையால் அழித்த தடம்,
அதன்மேல் மறுபடி கோடு.
என் நாற்காலியில் ஓர் அம்மாள்,
ரப்பர் பூட்ஸோடு,
கைப்பிடியில் முழங்கையை ஊன்றி.
பதினோராம் கட்டைத் தோட்டத்துச் சிந்தாமணி.
ஹஸ்லிண்டா மோட்டாரில் ஏற்றி வந்திருக்கிறாள்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
"வாங்கக்கா" என்றான் வெய் ஷான், தமிழில்,
தரையில் இடம் காட்டி.

"குனியறது பழகிப்போச்சு தங்கச்சி.
நெறஞ்ச வாளியத் தூக்கிட்டு
மேட்டுல ஏறுறதுதான் உயிர் போவுது.
யாரும் கேக்கலயே."

யாரும் கேட்கவில்லை என்பதில்
அந்த யாரும் யார் யார் என்று
தரையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.
ஒரு விரலுக்குமேல் மடக்க வேண்டியிருக்கவில்லை.
மேட்டைப் பற்றி ஹஸ்லிண்டா
மூன்றாம் மாதிரியின்போதே எழுதிக் கொடுத்திருந்தாளாம்.
அன்றைக்கு எனக்கு ஏதோ அவசரமாம்.

மாலையில் பேனாவைத் திறந்து நீட்டினேன்.
கொஞ்சம் நாடகமாகத்தான்.
இனி முதல் கோடு முறை வைத்து.
பணக் கணக்கும் தோட்ட நிர்வாகத்தின் கடிதங்களும்
எல்லாருக்கும் திறந்திருக்கும்.
வேண்டாம் என்று சொல்ல ஆளுக்கு ஒரு வாக்கு.
கைதட்டல் எதிர்பார்த்தேனோ என்னவோ.
தர்சினி கேட்டாள்:
"உங்க வேண்டாமும் ஒண்ணுதானாக்கா?"
"ஒண்ணுதான்."
அதைச் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தை
அவள் கவனித்தாள்.

மறுநாள் யுகேந்திரன் முறை.
இழுத்தான். பலகை கீச்சிட்டது.
உதறினான், முனையில் ஊதினான்,
மறுபடி இழுத்தான்.
கோடு விழவில்லை.
இரவெல்லாம் திறந்தே கிடந்து காய்ந்திருக்கிறது.
என் விரல்கள் தாமாகவே பைக்குள் போயின.
மூடி அங்கே இருந்தது.

எடுத்து மேசைமேல் வைத்தேன்.
நால்வரும் அதையே பார்த்தார்கள்.
மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை.
வெய் ஷான் கீழே போய்
டயர் கடையிலிருந்து சாக்பீஸ் கொண்டுவந்தான்.
தரையிலேயே வரைந்தார்கள்.

எட்டாவது மாதிரிக்கு ஒற்றைச் சக்கரம்.
சிந்தாமணி மேட்டில் தள்ளிப் பார்த்துவிட்டு
"பரவால்ல" என்றாள்.
நல்லா இருக்கு என்று சொல்லவில்லை.
சரிவில் அது இன்னும்
இடது பக்கம் இழுக்கிறது.
அச்சை எங்கே நகர்த்த வேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
தெரியும் என்று நினைக்கிறேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
என் முறை
வியாழக்கிழமை.