தொட்டிக்கு அறுத்த துண்டு

அடுப்படி மேடையில்
பாத்திரம் கழுவும் தொட்டிக்காக
அறுத்தெடுத்த கல்துண்டு
பால்காய்ச்சிய நாளிலிருந்து
பால்கனிச் சுவரில் சாய்ந்தே கிடந்தது.
ஊத்தங்குடி, மூன்றாம் மாடி,
இருபது வருடத் தவணை.
சதுர அடிக் கணக்கில்
ஓட்டைக்கும் சேர்த்துத்தான்
காசு கொடுத்திருக்கிறோம்.

காஷ்மீர் வெள்ளை என்றார் கடைக்காரர்.
காஷ்மீரை அது கண்டதில்லை.
மேலூர்ப் பக்கம் ஏதோ ஒரு மலை.
சாம்பல் வெண்மையில்
யாரோ உதிர்த்துவிட்டுப் போனதுபோல்
மாதுளை முத்துகள்.

சிம்மக்கல்லில் கட்டிங் மிஷின்
ஒரு நாள் வாடகை முந்நூறு.
ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு
"வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார்கள்.
வந்திருந்தார்.
வண்டியில், முகக்கவசத்தோடு.
பிரிட்டோவுக்குத் தூசி ஆகாது.

தண்ணீர் ஊற்ற மட்டும் சம்மதித்தார்.
பென்சில் கோட்டின் மேல்
அவர் பாட்டிலைச் சரிக்க
நான் மிஷினை இறக்க
அரிசி களைந்த நீர்போல
மலை வழிந்தது
பால்கனி ஓட்டை வழியே கீழே,
சுகுமாரி காயப்போட்ட
போர்வை மேல்.
அந்தச் சண்டை தனி.

நாலங்குலச் சதுரம், ஆறு.
ஆறாவதில் மூலை தெறித்து
எங்கோ விழுந்தது.
இன்னும் அகப்படவில்லை.
வெறுங்காலோடு நடக்கையில்
நினைவு வரும்.

பிறகு உப்புத்தாள்.
எண்பதாம் நம்பர், நூற்றிருபது, நானூறு,
நனைத்து நனைத்து மூன்று ராத்திரி.
திங்கட்கிழமை ஆபீஸில்
வருகைப் பதிவு மிஷின்
என் கட்டைவிரலைத் தெரியாது என்றது.
துடைத்து வைத்தேன்.
தெரியாது.
ஊதி வைத்தேன்.
அப்போதும் தெரியாது.
கல்லின் முரட்டுத்தனம் போகத் தேய்த்ததில்
போனது என் ரேகை.

விளிம்புக்குத் தங்க வண்ணம்.
அடியில் ஒட்டப் பச்சை வெல்வெட்,
நகைப்பெட்டிக்குள் இருந்ததைக்
கிழித்தேன்.
நகை வங்கியில் தூங்குகிறது,
பெட்டிக்கு எதற்கு மெத்தை?

ஞாயிறன்று நாத்தனார் குடும்பம்.
ஜிகர்தண்டா வாங்கி வந்து
கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி
ஆளுக்கொரு கல் வைத்தேன்.
எடுத்துப் பார்த்தார்கள்.
தடவினார்கள். விலை கேட்டார்கள்.
நானே செய்தது என்றதும்
இன்னும் பக்குவமாக வைத்துவிட்டு
தம்ளரைப் பக்கத்தில்,
மேசை மேல் வைத்தார்கள்.
"அழகா இருக்கு மைனி.
அழுக்காயிடும்ல."

ஐந்து கல்லும் காய்ந்திருக்க
மேசையில் ஐந்து வட்டம்.
பிரிட்டோ சிரித்ததை
நான் மன்னிக்கவில்லை.

புதன்கிழமை
தண்ணீர் பில்டருக்கு சர்வீஸ் செய்ய வந்த பையன்,
சட்டையில் சோனைமுத்து என்று அட்டை,
குடிக்கக் கேட்டான்.
கொடுத்தேன்.
பேசிக்கொண்டே, பாராமலே,
மூலை உடைந்த கல்லின் மேல்
தம்ளரை வைத்தான்.
எடுத்து இன்னொரு வாய் குடித்தவன்
அங்கேயே நின்றான்.

"எங்க பக்கத்துக் கல்லுக்கா இது."
எப்படித் தெரியும் என்றேன்.
"தண்ணி பட்டா
இந்தச் செகப்பு முழிச்சுக்கிரும்."
ஸ்பேனரைப் பையில் போட்டபடி சொன்னான்:
"மலை இருந்த எடம் இப்பப் பள்ளம்கா.
மழைத்தண்ணி பச்சையா நிக்கிது.
ஆடு எறங்குனா ஏறாது.
நான் நீச்சல் பழகுனதே அதுலதான்."
ஆழம் எவ்வளவு என்றேன்.
"யாரும் அடியத் தொட்டதில்ல.
இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

புது பில்டர்,
முதல் அரைமணித் தண்ணீரைக்
குடிக்க வேண்டாமென்று சொல்லிப் போனான்.

துடைக்கத் துணி எடுத்தேன்.
கல்லின் மேல் வட்டமாய் ஈரம்.
வட்டத்துக்குள்
மூன்று முத்துகள் விழித்திருந்தன.
துணியோடு நின்றேன்.

அடுப்படியில்
கல் அறுத்த பள்ளத்துக்குள்
குடிக்கக்கூடாத தண்ணீர்
விழுந்துகொண்டிருந்தது.