பங்காளிகள் நால்வருக்கும் பொதுவில்

பினாங்கு நாச்சியப்பன், மயிலாப்பூர் தண்ணீர்மலை,
கோவை சோலையப்பன், உள்ளூர் வள்ளியப்பன்
நால்வருக்கும்
பள்ளத்தூர் பட்டறையிலிருந்து ஜெயசீலி எழுதுவது.
வாட்ஸ்அப்பில் போட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது,
அதனால் தாளில்.

மோரிஸ் மைனர், ஐம்பத்தெட்டாம் வருட வண்டி.
சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப்
டிக் டிக் டிக்கென்று அடித்து
நிரம்பியதும் ஓய்கிறது. அதில் பழுதில்லை.
கார்புரேட்டர் தலைக்குள் விடும் எண்ணெய்தான்
வறண்டு கிடந்தது.
விட்டேன், மிதித்தால் திணறுவது நின்றது.
பாயிண்ட் இடைவெளி
ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம். வைத்தாயிற்று.

ஆனாலும் நின்ற இடத்தில் நொண்டுகிறது.
காது கொடுத்தால்
நாலு அடிக்கு மூன்றுதான் விழுகிறது.
பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தேன்:
நூற்றிருபது. நூற்றுப் பதினெட்டு.
அறுபது.
நூற்றிருபத்திரண்டு.
பட்டியலில் மூன்றாவதாக இருப்பவர் கோபிக்க வேண்டாம்.
இது இஞ்சின் வரிசை, வாரிசு வரிசை இல்லை.

பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி
மறுபடி பார்த்தேன்.
ஏறியிருந்தால் ரிங் தேய்மானம்;
விற்றுவிடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.
அறுபது அறுபதாகவே நின்றது.
அப்படியென்றால் வால்வு.

ஹெட்டைத் தூக்கினேன்.
ஐந்தாவது வால்வு, புகை போகிற வழி,
எலி கடித்த அப்பளமாக ஓரம் கருகி இருந்தது.
டாப்பெட்டை யாரோ முடுக்கி வைத்திருக்கிறார்கள்.
முழுசாக மூட முடியாத வால்வு
சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் எரிந்துபோகும்.
யார் என்று நான் கேட்கவில்லை.
"சத்தம் வந்துச்சு, நாந்தான் முடுக்குனேன்,"
வள்ளியப்பன் தானாகவே சொன்னார்.
கொஞ்சம் சத்தம் போட்டால்தான் அது நல்ல டாப்பெட்.

மதுரையில் புது வால்வு கிடைத்தது.
பேஸ்ட் தடவி
உறிஞ்சு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினேன்,
கால் சுற்று போய், கால் சுற்று திரும்பி,
தூக்கி, துடைத்து, பார்த்து, மறுபடி.
சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம் விழும்போது
மணி இரண்டு. சோறு ஆறிவிட்டது.

ஹெட்டுக்கு ஒன்பது நட்டு.
நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும்,
ஒரே மூச்சில் அல்ல, மூன்று நடையாக.
டாப்பெட்டுக்கும் ஒன்பதுதான் கணக்கு:
ஒன்றைத் தொட எட்டு திறந்திருக்க வேண்டும்,
ஐந்தைத் தொட நாலு.
"எங்க கோயில் கணக்கும் ஒம்பது!" என்றார் வள்ளியப்பன்.
எனக்குக் கூட்டல் சரியாக வந்தால் போதும்.

இதற்கு நடுவில் கோவையிலிருந்து போன்.
"பேசாம வித்து என் கால் பங்கைக் குடுங்க."
எந்தக் கால்?
தீப்பிடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு.
மூன்றை எடுத்துவிட்டாலும் ஓடும்தான்,
செத்த பிஸ்டனையும் மற்ற மூன்றும் தூக்கிக்கொண்டு,
ஆத்தங்குடி வரைக்குமாவது.

இனி பார்த்துக்கொள்ள:
ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து அணைக்காதீர்கள்,
எண்ணெய் சூடேறாமல் உள்ளே ஈரம் தங்கும்.
மாதம் இருமுறை காரைக்குடி போய் வரட்டும்.
எத்தனால் கலந்த பெட்ரோலை
டேங்கில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம்;
பழைய ரப்பர் ஓஸ் உள்ளுக்குள் கூழாகியிருந்தது, மாற்றிவிட்டேன்.

வெள்ளி சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன்.
நாலும் விழுகிறது.
பானெட் மேல் வைத்த டம்ளரில்
டீ லேசாகத்தான் நடுங்கியது.

மொத்தம் பதினாலாயிரத்து அறுநூற்று நாற்பது.
ஆளுக்கு மூவாயிரத்து அறுநூற்று அறுபது.
மூன்று பங்கு வந்துவிட்டது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றும் ரோட்டார்,
கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு,
என் மேஜை டிராயரில் இருக்கிறது.
அது இல்லாமல் நாலில் ஒன்றுக்கும் நெருப்பு போகாது.

ஞாயிறு பட்டறை விடுமுறை.